பதினேழாம் குப்பியின் நிறம்

2024 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். வெளியே தூறல், அரை மணி நேரத்தில் நின்றுவிட்டது. முதல் நாள் சாம்பாரைச் சூடாக்கி மூன்று தோசையோடு பசியாறினேன். ஆறே காலுக்குப் பாகான் டாலாம் வீட்டைப் பூட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் படகுத்துறைக்குப் போனேன். ஃபெரியில் கூட்டமில்லை. அக்கரையில் உள்ள தீவில் இறங்கி ஜெலுத்தோங் வரை போக இருபது நிமிடம். ஏழு முப்பத்தெட்டுக்கு வேலையிடத்தில் கைவிரலை வைத்துப் பதிவு செய்தேன். மேலங்கியை மாட்டி, கதிர்வீச்சு அட்டையை இடது பையில் செருகி, எடைபார்க்கும் அறையின் ஜன்னல் திரையை விலக்கினேன். தராசு சமநிலையில் இருக்கிறதா என்று பார்த்து எழுதிவைத்தேன். இதுவரை என் நாட்குறிப்பின் அன்றைய பக்கத்தில் வேறெந்த நாளிலிருந்தும் மாறுபட்டதாக எதுவும் இல்லை.

நான் வேலை செய்வது ஒரு சிறிய பரிசோதனைக்கூடம். ஈய லம்பங்களில், அதாவது வெள்ளீயச் சுரங்கங்களில், ஈயத்தை எடுத்தபின் மிஞ்சும் கனத்த மணல் எங்களிடம் வரும். அமாங் என்பார்கள். பார்த்தால் வெறும் கறுப்பும் பழுப்புமான மணல்தான். அதற்குள் அரிய மண் தனிமங்கள் என்று சொல்லப்படும் பதினைந்துக்கு மேற்பட்டவை ஒன்றாக அடைபட்டுக் கிடக்கின்றன. கூடவே கதிர்வீச்சுள்ள தோரியமும் இருக்கும். எது எவ்வளவு இருக்கிறது, அதைத் தனித்தனியாகப் பிரிக்க முடியுமா என்று சிறிய அளவில் செய்து பார்த்துச் சொல்வது எங்கள் வேலை.

பிரிப்பது என்று சொல்லும்போது சல்லடையில் சலிப்பதுபோல யாரும் நினைத்துவிடக் கூடாது. இந்தத் தனிமங்கள் குணத்தில் ஒன்றையொன்று அப்படியே ஒத்தவை. அமிலத்தில் கரைத்துவிட்டால் ஒவ்வொரு அயனியும் தன்னைச் சுற்றி எட்டு ஒன்பது நீர் மூலக்கூறுகளை நெருக்கமாக உட்கார வைத்துக்கொள்ளும். நாங்கள் அந்தக் கரைசலோடு மண்ணெண்ணெயைச் சேர்த்துக் குலுக்குகிறோம். எண்ணெயில் ஓர் அமிலப் பொருள் கலந்திருக்கும். அது நீர் மூலக்கூறுகளைத் தள்ளிவிட்டு அயனியைப் பிடித்துக்கொண்டு எண்ணெய்க்குள் போகப் பார்க்கும். தோரியத்துக்கு மின்னூட்டம் நான்கு, மற்றவற்றுக்குப் பெரும்பாலும் மூன்று. அதனால் தோரியம் இறுகப் பிடிபட்டு முதலிலேயே வெளியேறிவிடும். பிறகுதான் பாடு. லாந்தனத்திலிருந்து வரிசையாகப் போகப்போக அயனியின் அளவு மயிரிழை மயிரிழையாகச் சுருங்குகிறது. சிறியதை எண்ணெய் சற்றே அதிகம் விரும்பும், அந்தச் 'சற்றே' மட்டும்தான் எங்கள் கையில் இருக்கும் பிடி. ஒரு தடவை குலுக்கினால் ஒன்றும் தெரியாது. எண்ணெயும் நீரும் பிரியும்வரை காத்திருந்து, கீழே இருப்பதை வடித்து, புது எண்ணெய் ஊற்றி, மறுபடி குலுக்கி, இப்படி நாற்பது ஐம்பது தடவை செய்தால் அண்ணன் தம்பிகள் மெல்ல விலகி நிற்கத் தொடங்குவார்கள். இருபத்திரண்டு வருடமாக இதைப் பார்க்கிறேன். இரண்டு அடுக்குக்கும் நடுவே அந்தக் கோடு தெளியும் நேரத்தில் இன்றும் வேறு பக்கம் திரும்ப மனம் வராது.

எங்கள் கூடத்தில் ஒரு விதி உண்டு. பிரித்தெடுத்த கரைசல்களின் நிறத்தை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து எழுத வேண்டும். வடித்தவர் பிரிப்பு அறையிலேயே ஒரு தாளில் எழுதி மடித்து உறையில் போடுவார். மறுநாள் சரிபார்ப்பவர் எடை அறையில் குப்பிகளைப் பார்த்துத் தன் தாளில் எழுதுவார். அதன்பிறகுதான் உறையைத் திறக்கலாம். பொருந்தாவிட்டால், முதலாமவரிடம் எதுவும் கேட்காமல் நேரே மேலாளருக்கு அறிக்கை போக வேண்டும். கேட்டால் இருவரும் பேசி ஒன்றாக்கிவிடுவார்கள் என்பது காரணம். பதினொரு வருடத்துக்கு முன் இந்த விதியை எழுதியவள் நான்தான்.

அன்று நான் சரிபார்க்க வேண்டிய குப்பிகளை முதல் நாள் வடித்தவள் தாசேக் கெலுகோரிலிருந்து தினமும் பாலத்தைக் கடந்து மோட்டாரில் வருபவள். வயது முப்பத்தாறு, இரண்டு பிள்ளைகள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் இரண்டரை வருடமாக இருக்கிறாள். அந்த ஒப்பந்தம் அந்த வாரம் முடிகிறது. யாருக்கெல்லாம் நீட்டிப்பு என்ற பட்டியல் புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேலாளர் கையிலிருந்து தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டும். இது எனக்கும் தெரியும்.

காலை ஒன்பது மணிக்கு ஏழு குப்பிகளையும் ஜன்னலோரம் வரிசையாக வைத்தேன். பதினான்கும் பதினைந்தும் நிறமற்றவை. பதினாறு பச்சை, அது பிரசியோடிமியம். பதினேழு நியோடிமியம். 'இளம் ஊதா' என்று எழுதினேன். மற்ற மூன்றையும் எழுதி முடித்து ஒன்பது நாற்பதுக்கு உறையைத் திறந்தேன். ஆறு குப்பிகளில் அவள் எழுத்தும் என் எழுத்தும் ஒன்று. பதினேழுக்கு நேரே அவள் 'வெளிர் நீலம்' என்று எழுதியிருந்தாள்.

நீலம் அந்த வரிசையில் வரவே கூடாது. நீலம் என்றதும் எங்களுக்கு முதலில் தோன்றுவது செம்பு. எங்கோ ஒரு பித்தளைத் திருகிலிருந்து செம்பு கரைந்து வந்திருக்கலாம். எந்தத் தனிமம் என்று அளக்கும் பிளாஸ்மா இயந்திரம் ஓடினால் பத்து நிமிடத்தில் சொல்லிவிடும். அது பழுதாகி உதிரிப் பாகத்துக்காகக் காத்திருந்தது. அதனால் பழைய முறைப்படி பதினேழிலிருந்து சில துளி எடுத்து அமோனியா விட்டேன். செம்பு இருந்தால் கரைசல் அடர்நீலமாகிவிடும். வெள்ளையாக ஏதோ படிந்தது. மேலே தண்ணீர் தெளிவாக நின்றது. செம்பு இல்லை.

அவளைக் காப்பாற்றும் என்று நினைத்துச் செய்த சோதனை அவளையே மாட்டிவிட்டது. நேற்று நீலமாக இருந்தது, இன்று நீலமுமில்லை, செம்புமில்லை. அப்படியானால் குப்பிக்குள் இருப்பது நேற்றைய கரைசல்தானா? இதைத்தான் அறிக்கையில் எழுதினேன்: 'உள்ளிருப்பது மாறியிருக்கலாம்.' பத்தரைக்குக் கையெழுத்திட்டு மேலாளர் மேசையில் வைத்தேன்.

மேலாளர் என்னைவிட ஆறு வயது இளையவர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். தாளைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னக்கா இது, புளூ? இந்த வரிசையில புளூ எங்கேருந்து வந்துச்சு?"

"காப்பரா இருக்குமோன்னு அமோனியா விட்டுப் பார்த்தேன் சார். இல்ல."

"இன்னிக்கு இல்ல. நேத்து புளூவா இருந்துச்சுன்னு அவங்களே கைப்பட எழுதியிருக்காங்களே. கெட்டுப்போனத ஊத்திட்டு, பழைய பேட்ச்சுல மிஞ்சுனத ரொப்பி வச்சிருந்தா?"

"நான் அப்படிச் சொல்லல சார்."

"நீங்க சொல்லல. உங்க தாள் சொல்லுது."

பதினொன்றரைக்கு அவளைக் கூப்பிட்டார். பன்னிரண்டு மணிக்கு அவள் வெளியே வந்தாள். சாப்பாட்டு அறையில் என் எதிரே வந்து நின்றாள், உட்காரவில்லை.

"அக்கா, நான் குப்பிய மாத்திட்டேன்னு எழுதுனீங்களா?"

"மாறியிருக்கலாம்னு எழுதினேன்."

"அலா, அந்த 'லாம்' ஒண்ணு போட்டா போதுமா? பாஸ் அதையா பார்க்கப் போறாரு? நாளைக்கு லிஸ்ட்டுல என் பேரு இல்லலா. சொல்லிட்டாரு."

நான் சாப்பாட்டு டப்பாவை மூடினேன். அவள் விடவில்லை.

"ரெண்டரை வருஷமா ஒரே பிளாஸ்க்குல தண்ணி ஊத்திக் குடிக்கிறோம். ஏம்மா நீலம்னு எழுதினேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேக்கக் கூடாதுன்னு ரூல்."

"அந்த ரூல எழுதுன மகராசி யாரு?"

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "நான் பார்த்ததத்தான் எழுதுனேன். நீலமா இருந்துச்சு, நீலம்னு எழுதுனேன். ஊதாவா இருந்தா ஊதான்னு எழுதத் தெரியாதா எனக்கு? என் பொண்ணு ஸ்கூல் பேக்கே ஊதாதான்." பொங்குஸ் பண்ணிப் பொட்டலமாகக் கொண்டுவந்த மீ கோரெங் நூடுல்ஸைப் பிரிக்காமலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மதியம் வேலை ஓடவில்லை. அவள் பொய் சொல்கிறவள்போலத் தெரியவில்லை. ஆனால் அது என் எண்ணம், அளவீடு அல்ல. பொய் சொல்கிறவள் 'நீலம்' என்று எழுதிவைத்துவிட்டு மாற்றுவாளா என்பதும் உறுத்தியது. குப்பியை மாற்றுகிறவள் தாளை மாற்றாமல் விடுவாளா? மூன்று மணிக்கு எழுந்து பிரிப்பு அறைக்குப் போனேன். பதினேழை வடித்த பிரிபுனல் இன்னும் கழுவப்படாமல் தாங்கியில் இருந்தது. அதன் அடித் திருகுக்கு மேலே இரண்டு மில்லி அளவுக்கு மிச்சம். நேற்றிலிருந்து யாரும் தொடாதது. குனிந்து பார்த்தேன். அது வெளிர் நீலமாக இருந்தது.

அப்படியானால் நேற்றைய கரைசல் நீலம்தான். குப்பியில் இருப்பது வேறுதான். மேலாளர் சொன்னது சரி. அவள் மாற்றித்தான் இருக்கிறாள்.

அந்த இரண்டு மில்லியைச் சிறு கண்ணாடிக் குழாயில் பிடித்து, எண்ணிட்டு, என் மேசையில் அமோனியா சோதனை செய்வதற்காக எடுத்துக்கொண்டு நடந்தேன். இடையில் பதினான்கு அடி நடைவழி. எடை அறைக்குள் நுழைந்து, ஜன்னலருகே குழாயைத் தாங்கியில் வைக்கக் கையை உயர்த்தினேன். குழாயில் இருந்தது இளம் ஊதா.

குழாயை மாற்றி எடுத்துவிட்டேனோ என்று எண்ணைப் பார்த்தேன். என் கையெழுத்துதான். மை இன்னும் காயவில்லை. அப்படியே திரும்பி நடந்தேன். பிரிப்பு அறையில் நீலம். மறுபடி ஜன்னல், ஊதா. நாலு தடவை நடந்தேன். ஐந்தாவது தடவை நடைவழியின் பாதியில் நின்று பார்த்தேன். ஒரு பக்கம் சாய்த்தால் நீலச் சாயல், மறுபக்கம் ஊதாச் சாயல். கையில் ஒரே குழாய், அதே இரண்டு மில்லி.

ஓடிப்போய் அவளைக் கூப்பிட்டேன். கழுவும் தொட்டியருகே நின்றுகொண்டிருந்தாள்.

"வேற யாரயாச்சும் கூப்பிடுங்க. நான் தொட்டா மறுபடி கலர் மாறிடும்."

"நீ தொடவே வேணாம். பின்னாடி நட."

நடந்தாள். ஜன்னலருகே வந்ததும் குழாயை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். தானே பிரிப்பு அறைக்குப் போனாள். "அடி ஆத்தி!" என்ற சத்தம் நடைவழி முழுக்கக் கேட்டது. நான் போவதற்குள் கைபேசியின் விளக்கைப் போட்டு அதைக் குழாய்க்குப் பின்னால் பிடித்திருந்தாள். கைபேசி வெளிச்சத்தில் ஊதா, அணைத்தால் நீலம். போட்டாள், அணைத்தாள், போட்டாள். கோபத்தை ஒரு நிமிடம் மறந்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

"பேய் மாதிரி மாறுதுலா அக்கா. மத்ததும் மாறுதா?"

ஏழு குப்பிகளையும் கொண்டுவந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பச்சை பச்சையாகவே இருந்தது. நிறமற்றவை நிறமற்றே இருந்தன. பதினேழு மட்டும்தான் அறைக்கு அறை சட்டை மாற்றியது.

எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. நியோடிமியத்தை எத்தனையோ தடவை பிரித்திருக்கிறோம். இரண்டு அறைத் தாள்களும் எப்போதும் பொருந்தியிருக்கின்றன. இப்போது மட்டும் ஏன்? அவள்தான் சுவரைப் பார்த்தாள். அங்கே அமிலப் புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் புதிய பெரிய கண்ணாடிப் பெட்டி நின்றது.

"மே மாசம் இதப் போட்டப்ப இதுக்குப் பின்னாடி இருந்த ஜன்னல அடைச்சாங்கக்கா. அதுக்கப்புறம் இந்த ரூம்ல லைட்டு மட்டுந்தான். வெயிலே கெடையாது."

மே மாதத்துக்குப் பிறகு நாங்கள் நியோடிமியத்தைப் பிரித்தது இதுதான் முதல் தடவை. பதிவேட்டைப் புரட்டி இருவரும் சரிபார்த்தோம்.

காரணம் நான் எப்போதோ படித்ததுதான். படித்தது கண்ணுக்கு வந்து சேரவில்லை. அரிய மண் அயனிகளில் நிறத்தைத் தரும் எலக்ட்ரான்கள் உள்ளே பத்திரமாக மூடப்பட்டிருக்கின்றன. சுற்றி நீர் இருந்தாலும் எண்ணெய்ப் பொருள் இருந்தாலும் அவை அதிகம் அசைந்து கொடுப்பதில்லை. அதனால் அவை ஒளியில் அகலமாக எதையும் விழுங்குவதில்லை, கத்தியால் கீறியதுபோலக் குறுகிய பட்டைகளை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. நியோடிமியத்துக்கு மஞ்சளில் ஒரு பெரிய கீறல். வெயிலில் எல்லா நிறமும் இருப்பதால் மஞ்சள் போனபின் மிஞ்சுவது ஊதாவாகத் தெரிகிறது. ஆனால் கூரையில் எரிந்த குழல் விளக்கு வெயில்போல எல்லா நிறத்தையும் தருவதில்லை. அதுவும் சில குறுகிய பட்டைகளாகத்தான் எரிகிறது. இரண்டு கீறல் வரிசைகளும் ஒன்றின்மேல் ஒன்று விழும்போது கணக்கு வேறாகி, கண்ணுக்கு நீலம் வந்து சேர்கிறது. இதை அவளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தபோது எனக்கே இன்னொன்று நினைவு வந்தது. அந்தக் குழலுக்குள் பூசியிருக்கும் பொடியில் சிவப்பைத் தருவது யூரோப்பியம், பச்சையைத் தருவது டெர்பியம். இரண்டும் இதே வரிசையைச் சேர்ந்தவை.

"அப்ப சொந்தக்காரனே சொந்தக்காரன மாட்டி விட்டுட்டான்னு சொல்லுங்க," என்றாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். கோபம் திரும்பி வந்திருந்தது. "உங்கள மாதிரி."

மேலாளர் பாயான் லெப்பாசில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். நாலரைக்குத் திரும்பினார். அவர் பையை வைக்கும் முன்பே குழாயை அவர் கையில் கொடுத்து நடக்கச் சொன்னேன். மூன்று தடவை நடந்தார். மூன்றாவது தடவை கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தார்.

"சரிக்கா. குப்பி மாறல. நான் ஒத்துக்கிறேன். ஆனா உங்க அறிக்கை ஃபைல்ல இருக்கு. தலைமை ஆபீசுல யாராவது எடுத்துப் பார்த்தா, மாத்தினவங்களுக்கு எப்படி எக்ஸ்டென்ஷன் கொடுத்தேன்னு என்னைக் கேப்பாங்க. நீங்க அத வாபஸ் வாங்கி எழுதணும். முதல் ஆளோட கையெழுத்தும் அதுல வேணும். நாளைக்கு ஒன்பதுக்குள்ள ரெண்டு கையெழுத்தும் வந்தா பேரு லிஸ்ட்டுல இருக்கும்."

முதல் ஆள் என்றால் அவள். படிவத்தில் அந்த ஏற்பாட்டையும் நானே வைத்திருந்தேன்: இரண்டாமவர் அறிக்கையைத் திரும்பப் பெற்றால், அதில் எழுதியிருப்பது உண்மை என்று முதலாமவர் கையெழுத்திட வேண்டும்.

ஐந்தேகாலுக்கு உட்கார்ந்து எழுதினேன். விளக்கைப் பற்றி, மே மாதம் அடைத்த ஜன்னலைப் பற்றி, ஏழு குப்பிகளையும் இரண்டு வெளிச்சத்தில் பார்த்ததைப் பற்றி, எல்லாம் நேரத்தோடு ஒரு பக்கம். ஒளி எது என்று எழுத என் படிவத்தில் இடமே இல்லை என்பதையும் எழுதினேன். கையெழுத்திட்டு அவளிடம் நீட்டினேன். அவள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு நின்றாள். கண்ணால் மேலிருந்து கீழே ஓட்டினாள்.

"இது முழுசா இல்ல," என்றாள்.

"என்ன விட்டுப்போச்சு?"

"யோசிங்க. பிள்ளைய டியூஷன்லேருந்து எடுக்கணும், பாலம் ஜாமாயிடும்." தாளை என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். கீழே அவள் மோட்டார் கிளம்பும் சத்தம் கேட்டது. நேரம் ஐந்து முப்பத்தொன்று.

ஃபெரியில் நின்றபடி அந்தப் பக்கத்தை மனதுக்குள் மூன்று தடவை வாசித்தேன். அமோனியாவின் அளவு இருந்தது. குழாயின் எண் இருந்தது. கைபேசி விளக்கு அவளுடைய யோசனை என்பதும் இருந்தது. அளவில், நேரத்தில், வரிசையில் எங்கும் குறை தெரியவில்லை. அவள் கையெழுத்துப் போடாமலேயே இருந்துவிடுவாளோ என்ற பயம்தான் அதிகமாக இருந்தது. கோபத்தில் பிள்ளைகளின் சோற்றையே தள்ளிவிடுகிற ஆள் இல்லை அவள். ஆனாலும் அதைச் சொல்ல எனக்கு என்ன தெரியும்? இரண்டரை வருடத்தில் அவளிடம் நான் கேட்டதெல்லாம் குப்பி எண்களைத்தான்.

புதன்கிழமை ஏழு இருபதுக்கே போய்விட்டேன். ஏழு நாற்பத்திரண்டுக்கு அவள் வந்தாள். தலைக்கவசத்தைக் கழற்றாமல் நேரே என் மேசைக்கு வந்து, தாளைத் தன் பக்கம் திருப்பி, இந்த முறை வரி வரியாக விரலை வைத்து வாசித்தாள். நேற்று மதியம் சாப்பாட்டு அறையில் அவள் கேட்டது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பேனாவைத் திறந்தேன்.

என் கையெழுத்துக்குக் கீழே இருந்த இடத்தில், அன்று காலையின் முதல் வேலையாக, இன்னும் ஒரு வாக்கியம் எழுதினேன்: 'வடித்தவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் அந்த அறிக்கையை எழுதினேன்.' தேதியும் நேரமும் போட்டு மறுபடி கையெழுத்திட்டேன். அவள் அதை வாசித்துவிட்டு, பேனாவை என் கையிலிருந்து வாங்கி, அதற்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டாள்.